ஈர்ப்பலை ஒளியாக மாறுமா?

2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பில் ஏற்படும் மாற்றம் அலையாகப் பரவுவதைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ கருவிகள், அப்படிப்பட்ட ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. அந்த அலை ஓய்ந்து 1.7 நொடியில் ஃபெர்மி விண்கலம் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது. சுமார் 11 மணி நேரம் கழித்து, சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரளில் புதிதாக ஓர் ஒளிப்புள்ளி முளைத்திருப்பதைக் கண்டது.

ஈர்ப்பலையும் ஒளியும் அடுத்தடுத்து வந்ததால் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது: ஈர்ப்பலை தான் போகும் வழியில் உள்ள மின்னூட்டங்களை உலுக்கும், உலுக்கப்பட்ட மின்னூட்டம் ஒளி வீசும், ஆகவே ஈர்ப்பலை ஒளியாக மாறிவிடும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017-ல் பார்த்த ஒளி அப்படி வந்ததில்லை. அதே நேரம், ஈர்ப்பலையால் ஒளியை உண்டாக்கவே முடியாது என்று மறுபக்கம் சொல்வதும் தவறு. முடியும். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

2017-ல் வந்த ஒளி யாருடையது?

அன்று மோதிக்கொண்டவை இரண்டு நியூட்ரான் விண்மீன்கள். பெரிய விண்மீன் ஒன்று தன் வாழ்நாள் முடிவில் வெடித்த பிறகு நடுவில் மிஞ்சும் மிக அடர்த்தியான உருண்டைதான் நியூட்ரான் விண்மீன். சூரியனைவிடக் கூடுதலான நிறை, இருபது கிலோமீட்டர் அகலத்துக்குள் அடைந்து கிடக்கும்.

இப்படிப்பட்ட இரண்டு மோதினால் பொருள் சிதறும். ஒரு பகுதி ஒளியின் வேகத்தை நெருங்கி, குறுகிய பாய்ச்சலாக வெளியே வரும். காமா கதிர் அதிலிருந்து கிடைத்தது. இன்னொரு பகுதி மேகமாக விரியும். அந்த மேகத்தில் புதிதாக உருவான கனமான தனிமங்கள் கதிரியக்கத்தால் சிதைந்து சூட்டைக் கிளப்பும். தொலைநோக்கியில் தெரிந்த ஒளிப்புள்ளி அந்தச் சூடான மேகம்தான். ஆக ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே மோதலின் இரண்டு விளைவுகள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை.

கருந்துளைகளை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பதிவான ஈர்ப்பலை, இரண்டு கருந்துளைகளின் மோதலில் பிறந்தது. சுமார் மூன்று சூரியன்களின் நிறைக்குச் சமமான ஆற்றல் அலையாகவே வெளியேறியது. அதோடு சேர்ந்து ஓர் ஒளி வந்ததாக உறுதியாகவில்லை. 0.4 நொடி கழித்து ஃபெர்மியில் மங்கலான ஒரு பதிவு இருந்தது உண்மை. ஆனால் காமா கதிரைக் கவனிக்கும் இன்னொரு விண்கலமான இன்டெக்ரலில் அது தெரியவில்லை, விவாதம் அப்படியே நின்றது. ஈர்ப்பலை எளிதாக ஒளியாக மாறக்கூடியது என்றால், இவ்வளவு ஆற்றலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் கிடைத்திருக்க வேண்டும்.

மின்னூட்டம் எப்போது ஒளி வீசும்?

எலக்ட்ரான் போன்ற மின்னூட்டம் கொண்ட துகளைச் சுற்றி மின்புலம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு மின்னூட்டம் வந்தால் அதை இழுக்கவோ தள்ளவோ செய்யும் செல்வாக்கு அது. துகள் சும்மா இருந்தால் புலம் எல்லாத் திசையிலும் நேராக நீண்டு கிடக்கும்.

இப்போது துகளைச் சட்டென்று அசைக்கிறோம். அது அசைந்த செய்தி உடனே எல்லா இடத்துக்கும் போய்விடாது. ஒளியின் வேகத்தில்தான் பரவும். செய்தி போய்ச் சேராத தொலைவில் புலம் இன்னும் பழைய இடத்தையே நோக்கி நிற்கும். செய்தி சேர்ந்த இடத்தில் புதிய இடத்தை நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு வெளியே ஓடுவதுதான் மின்காந்த அலை. வானொலி அலை, கண்ணுக்குத் தெரியும் ஒளி, எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாம் இதே இனம். இந்தக் கட்டுரையில் இவை எல்லாவற்றையும் சேர்த்தே ஒளி என்கிறோம். நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர், அலகு ஹெர்ட்ஸ்.

பக்கத்தில் பக்கத்தில் ஒரு நேர் மின்னூட்டமும் ஓர் எதிர் மின்னூட்டமும் இருந்து, இரண்டும் ஒரே மாதிரி அசைந்தால் என்ன ஆகும்? ஒன்றின் மடிப்பும் மற்றதன் மடிப்பும் எதிரெதிராக இருக்கும். தொலைவில் பார்த்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், ஏறக்குறைய ஒளியே வராது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதிப் பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

ஈர்ப்பலை என்ன செய்கிறது?

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு. இடமும் காலமும் சேர்ந்த பரப்பைக் காலவெளி என்கிறோம். கனமான பொருள்கள் வேகமாகச் சுழன்றால் அந்த வளைவில் ஏற்படும் மாற்றம் அலையாக வெளியே பரவும். இதை அவர் 1916-ல் கணித்தார்.

அலை உங்களை நோக்கி நேராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வரும் திசையில் எதுவும் ஆகாது. குறுக்கே, மேல்-கீழாக உள்ள தூரங்கள் நீளும்போது இடம்-வலமாக உள்ள தூரங்கள் சுருங்கும். அரை அதிர்வு கழித்து இது தலைகீழாகும். நீளுவதும் சுருங்குவதும் ஒரே அளவில் நடப்பதால் பரப்பளவு மட்டும் மாறாது.

ஓர் உருவகம் உதவும். பெரிய ரப்பர் தாள் ஒன்றில் சிவப்புப் புள்ளிகளையும் நீலப் புள்ளிகளையும் சம எண்ணிக்கையில் கலந்து வைத்திருக்கிறோம். சிவப்பு நேர் மின்னூட்டம், நீலம் எதிர் மின்னூட்டம். தாளை மேலும் கீழும் இழுத்தால் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மாறும். ஆனால் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டி இருந்த நீலப் புள்ளி இன்னமும் அதை ஒட்டியேதான் இருக்கும். எந்த இடத்தில் பார்த்தாலும் சிவப்பும் நீலமும் சமம். தாள் எந்த நிறத்துக்கும் சலுகை காட்டாது.

ஈர்ப்பும் அப்படித்தான். எலக்ட்ரானைவிட புரோட்டான் சுமார் 1,836 மடங்கு கனமானது, மின்னூட்டமும் எதிர். இருந்தும் வெற்றிடத்தில் இரண்டையும் விட்டால் ஈர்ப்பில் ஒரே மாதிரி விழும். ஈர்ப்பலைக்கும் இதே விதி. சாதாரணப் பொருளில் நேரும் எதிரும் சமமாக இருப்பதால், அலை அதைக் கடந்து போகும்போது இரண்டும் சேர்ந்தே அசைகின்றன. மடிப்புகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன, ஒளி இல்லை.

"ஈர்ப்பலை மின்னூட்டங்களை உலுக்கும், அதனால் ஒளி வரும்" என்ற விளக்கம் சறுக்கும் இடம் இதுதான். உலுக்குவது உண்மை. ஒளி வர வேண்டுமென்றால் இரண்டு வகை மின்னூட்டமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும், அல்லது இந்தச் சமநிலையைக் குலைக்க வேறு ஏதாவது முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும்.

அப்படியானால் விண்வெளியில் தன்னந்தனியாக மிதக்கும் ஒரே ஓர் எலக்ட்ரான்? அதை ஈடுகட்ட பக்கத்தில் எதிர்ச் சோடி இல்லையே. அந்த எலக்ட்ரான் அலையோடு சேர்ந்து தடையின்றி மிதக்கும், தன் மேல் எந்த விசையும் செயல்படுவதாக அதற்குத் தெரியாது. ஆனால் அதன் மின்புலம் அந்தப் புள்ளியோடு நின்றுவிடுவதில்லை. வெகுதூரம் விரிந்து கிடக்கிறது. அந்த விரிந்த புலத்தை அலை ஒரு பக்கம் நீட்டி இன்னொரு பக்கம் சுருக்குகிறது. அதனால் நம்ப முடியாத அளவு சிறிய ஒளி வெளிவரும். இங்கே கவனிக்க வேண்டியது, ஒளிக்குக் காரணம் துகள் குலுங்கியது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த புலம் உருக்குலைந்தது என்பதுதான்.

காந்தப்புலம் குறுக்கே இருந்தால்

புலம் உருக்குலைவதுதான் காரணம் என்றால், பெரிய புலம் ஒன்றை அலையின் வழியில் வைத்தால் என்ன? 1960-களின் தொடக்கத்தில் சோவியத் இயற்பியலாளர் மிகயீல் கெர்ட்சென்ஷ்டைன் காட்டியது இதைத்தான். நிலையான காந்தப்புலம் ஒன்றின் வழியாகப் போகும் ஒளி சிறிதளவு ஈர்ப்பலையாக மாறும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஈர்ப்பலை சிறிதளவு ஒளியாக மாறும். இதற்குக் கெர்ட்சென்ஷ்டைன் விளைவு என்று பெயர்.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதன் அழகே அங்கேதான் இருக்கிறது. காந்தப்புலத்தை இணையான கோடுகளாக வரைவது வழக்கம். கோடுகள் நெருங்கியிருந்தால் புலம் வலிமையானது, விலகியிருந்தால் வலிமை குறைவு. அதே ரப்பர் தாளில் மேலிருந்து கீழாகக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அலை தாளின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. இடம்-வலம் சுருங்கும்போது கோடுகள் நெருங்கும், புலம் சற்று வலுக்கும். இடம்-வலம் நீளும்போது கோடுகள் விலகும், புலம் சற்றுத் தளரும். அலை கடக்கக் கடக்க, நிலையாக இருந்த புலம் கூடிக் குறையத் தொடங்குகிறது. கூடிக் குறையும் காந்தப்புலம் ஒரு மின்புலத்தைப் பிறப்பிக்கும், அந்த மின்புலம் மீண்டும் காந்தப்புலத்தை. இந்தச் சங்கிலிதான் மின்காந்த அலை.

காந்தக் கோடுகள் அலை வரும் திசையிலேயே, தாளைக் குத்திக்கொண்டு நின்றால்? அப்போது ஒரு கோடு பக்கத்துக் கோட்டிலிருந்து மேல்-கீழாக விலகும், இடம்-வலமாக நெருங்கும். பரப்பளவு மாறாததால் ஒரு சதுரத்துக்குள் இருக்கும் கோடுகளின் எண்ணிக்கையும் மாறாது. புலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒளி இல்லை. காந்தப்புலம் அலைக்குக் குறுக்காக இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு விஷயமும் கைகொடுக்கிறது. ஈர்ப்பலையும் ஒளியும் வெற்றிடத்தில் ஒரே வேகத்தில் போகின்றன. 2017 நிகழ்வே இதற்குச் சாட்சி: 13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு வெறும் 1.7 நொடி இடைவெளியில் இரண்டும் வந்து சேர்ந்தன. வேகம் ஒன்று என்பதால், முதல் மீட்டரில் பிறந்த ஒளி அலையும் இரண்டாம் மீட்டரில் பிறந்ததும் ஏற்ற இறக்கம் ஒத்துப்போய் ஒன்றன் மேல் ஒன்று சேரும். நீளம் இரட்டித்தால் ஒளி அலையின் உயரம் இரட்டிக்கும், அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். புலத்தின் வலிமைக்கும் இதே கணக்கு.

இதுவரை பார்த்ததை ஒருமுறை கோத்துக்கொள்வோம். நேரும் எதிரும் சமமாக உள்ள பொருளில் ஈர்ப்பலை எல்லாவற்றையும் ஒரே மாதிரி அசைப்பதால் ஒளி வராது. குறுக்கே ஒரு காந்தப்புலம் இருந்தால் அந்தப் புலமே அதிர்ந்து ஒளியாகும். ஒளிக்கான ஆற்றல் ஈர்ப்பலையிலிருந்து போகிறது, காந்தப்புலம் இடைத்தரகர். எதுவுமே இல்லாத வெற்றிடத்தில் ஈர்ப்பலை தானாக ஒளியாவதில்லை.

எவ்வளவு ஒளி கிடைக்கும்?

சரி, ஆய்வகத்தில் கிடைக்கும் நல்ல மின்காந்தம் ஒன்றை எடுப்போம். வலிமை 10 டெஸ்லா, நீளம் 10 மீட்டர். டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு. அலைநீளம் இந்தக் காந்தத்தைவிட மிகச் சிறியதாக உள்ள ஓர் ஈர்ப்பலை இதன் வழியே போனால், அதன் ஆற்றலில் ஒளியாக மாறுவது, 1-க்குப் பின்னால் 33 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும்.

காலவெளி அவ்வளவு விறைப்பானது என்பதுதான் இதற்குக் காரணம். 2015-ல் வந்த அலை உச்சத்தில் இருந்தபோது, பூமியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 0.02 வாட் ஆற்றல் கடந்து போனது. முழு நிலவின் ஒளி தருவதைவிட அது அதிகம். அப்படியிருந்தும் லைகோவில் கண்ணாடிகளுக்கு இடையிலான 4 கிலோமீட்டர் தூரத்தை அது மாற்றியது, ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டுமே. பெரிய ஆற்றல், அற்பமான அசைவு. காந்தக் கோடுகள் நெருங்குவதும் விலகுவதும் அதே அற்பமான அளவில்தான்.

இயற்கையில் இதைவிடப் பெரிய காந்தங்கள் உண்டு. மேக்னடார் என்ற வகை நியூட்ரான் விண்மீனில் புலம் ஆயிரம் கோடி டெஸ்லாவைத் தொடும். அது 10 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு ஒளியாகும். முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் இது பிரம்மாண்டம். ஆனால் இது எல்லாம் கூடிவந்தால் கிடைக்கும் உச்சம். அவ்வளவு வலிமையான புலத்தில் வெற்றிடமே ஒளியின் வேகத்தைச் சற்று மாற்றிவிடும், அலைகளின் ஒத்திசைவு குலையும், கிடைப்பது இன்னும் குறையும்.

பிளாஸ்மா உதவுமா, தடுக்குமா?

விண்வெளி பெரும்பாலும் வெறுமையாக இல்லை. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து தனித்தனியாகத் திரியும் வாயு அங்கே நிறைந்திருக்கிறது. இதுதான் பிளாஸ்மா. மின்னூட்டம் கொண்ட பொருள் என்று நாம் சொல்வது விண்வெளியில் பெரும்பாலும் இதைத்தான்.

பிளாஸ்மாவில் காந்தப்புலம் இருந்தால், துகள்கள் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டே நகரும். ஈர்ப்பலை கோடுகளை நெருக்கும்போது பிளாஸ்மாவும் சேர்ந்து நெருங்கும். காற்றில் ஒலி பரவுவதைப் போல ஓர் அழுத்த அலை கிளம்பும். பொதுவாக இந்த அலை ஒளியைவிட வெகு மெதுவாக நகரும். ஈர்ப்பலை முந்திக்கொண்டு போய்விடும், விளைவு சேராது. நியூட்ரான் விண்மீனை ஒட்டிய பகுதியில் மட்டும் நிலைமை வேறு. அங்கே காந்தப்புலத்தின் ஆற்றல் பிளாஸ்மாவின் ஆற்றலை விஞ்சி நிற்பதால், அழுத்த அலையின் வேகம் ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு உயர்ந்துவிடும். ஈர்ப்பலையும் அதுவும் தோளோடு தோளாக ஓடும்போது ஆற்றல் தொடர்ந்து கைமாறலாம். மோதும் நியூட்ரான் விண்மீன்களின் அருகே இது எவ்வளவு நடக்கும் என்று கணக்கிடுபவர்கள் இருப்பது இதனால்தான்.

மறுபக்கம், பிறந்த ஒளி வெளியே போவதற்குப் பிளாஸ்மா தடையாகவும் இருக்கிறது. காரணம் அதிர்வெண்.

பிறந்த ஒளி நம்மை எட்டாதது ஏன்?

இந்த முறையில் பிறக்கும் மின்காந்த அலைக்கு ஈர்ப்பலையின் அதிர்வெண்ணே இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 2015-ல் பதிவான அலை சுமார் 35 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. அதிலிருந்து ஒளி வந்திருந்தால் அதுவும் 100 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் இருந்திருக்கும். அலைநீளம் 3,000 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண்ணோ நொடிக்குப் பல நூறு லட்சம் கோடி. ஈர்ப்பலை நேரடியாகக் காமா கதிரை உண்டாக்கியிருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

100 ஹெர்ட்ஸ் மின்காந்த அலையால் விண்மீன்களுக்கு இடையில் பயணம் செய்யவும் முடியாது. குறைந்த அதிர்வெண் உள்ள அலை வந்தால் பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் உடனுக்குடன் நகர்ந்து அதை முறியடித்துவிடும். வேகமாக அதிரும் அலைக்குத்தான் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. இந்த எல்லைக்குப் பிளாஸ்மா அதிர்வெண் என்று பெயர். நம் பால்வெளியில் விண்மீன்களுக்கு இடையே அது சுமார் 1,500 ஹெர்ட்ஸ். பூமிக்கு அருகில், சூரியக் காற்றில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். லைகோ கேட்கும் அலைகளெல்லாம் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழே. ஈர்ப்பலைக்குப் பிளாஸ்மா ஒரு பொருட்டே இல்லை, அது நேராக ஊடுருவி வந்துவிடும். அதிலிருந்து பிறந்த மின்காந்த அலை பிறந்த இடத்துக்கு அருகிலேயே பிளாஸ்மாவைச் சூடாக்கிவிட்டு மடிந்துவிடும்.

அப்புறம் லைகோ பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே லேசர் ஒளி பயன்படுவதால், ஈர்ப்பலை ஒளியாக மாறியதைத்தான் பதிவு செய்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே லேசர் ஓர் அளவுகோல். கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம் மாறுவதை அது அளக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே தேடுவது?

மிக அதிக அதிர்வெண் கொண்ட ஈர்ப்பலைகள் இருந்தால் கதை மாறும். கோடிக்கணக்கான ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்றால் அலைநீளம் ஆய்வகக் காந்தத்துக்குள் அடங்கும், வெற்றிடக் குழாயில் பிளாஸ்மா தொல்லையும் இல்லை. மோதும் விண்மீன்களும் நமக்குத் தெரிந்த கருந்துளைகளும் இவ்வளவு வேகமாக அதிரும் அலைகளை உண்டாக்குவதில்லை. பேரண்டத்தின் ஆரம்பக் கணங்களிலிருந்தோ, மிகச் சிறிய தொடக்ககாலக் கருந்துளைகள் இருந்தால் அவற்றின் மோதலிலிருந்தோ அவை வரலாம்.

இவற்றைத் தேடத் தனியாகக் கருவி கட்ட வேண்டியதுகூட இல்லை. ஆக்சியான் என்ற கருதுகோள் துகளைத் தேடும் கருவிகள் ஏறக்குறைய இதே அமைப்புதான்: வலிமையான குறுக்குக் காந்தம், அதற்குள் இருட்டு, முனையில் ஒரு துல்லியமான ஒளியுணர் கருவி. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் காஸ்ட் சோதனையில், பெரிய ஹாட்ரான் மோதி என்ற துகள் மோதல் கருவிக்காகச் செய்த சுமார் 9 மீட்டர் நீள, 9 டெஸ்லா மாதிரிக் காந்தம் ஒன்றைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்தார்கள். சூரியனிலிருந்து ஆக்சியான் வந்தால் காந்தத்துக்குள் அது எக்ஸ் கதிராக மாறும் என்பது எதிர்பார்ப்பு. அதே குழாய்க்குள் எக்ஸ் கதிர் அதிர்வெண்ணில் ஓர் ஈர்ப்பலை நுழைந்தாலும் முனையில் எக்ஸ் கதிர்தான் தெரியும்.

2019-ல் ஓர் ஆய்வுக் குழு இந்தக் காஸ்ட் பதிவுகளையும், இதேபோன்ற ஆல்ப்ஸ், ஓஸ்கார் சோதனைகளின் பதிவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தது. எதிர்பாராத கூடுதல் ஒளி எதுவும் இல்லை. அந்த இன்மையிலிருந்தே, அந்த அதிர்வெண்களில் ஈர்ப்பலைகள் இருந்தால் இவ்வளவு வலிமைக்கு மேல் இருக்க முடியாது என்று ஒரு மேல் வரம்பை வகுத்தார்கள். ஆரம்பப் பேரண்டத்தின் அலைகளைத் தொட அந்த வரம்பு இன்னும் வெகுவாகக் கீழே இறங்க வேண்டும். புலத்தையும் நீளத்தையும் பத்துப் பத்து மடங்கு கூட்டினால் மாற்றம் பத்தாயிரம் மடங்கு உயரும், ஆனால் நூறு டெஸ்லாவை நூறு மீட்டருக்கு நிலையாகப் பிடித்து வைக்கும் காந்தம் இன்று யாரிடமும் இல்லை. அதனால் கீழ் அதிர்வெண்களில், அதாவது நூறு கோடி ஹெர்ட்ஸ் வாக்கில், உலோகப் பெட்டி ஒன்றைக் காந்தத்துக்குள் வைத்து, பிறக்கும் ஒளியை அதன் சுவர்களுக்கு இடையே திரும்பத் திரும்ப எதிரொலிக்கவிட்டு வலுப்படுத்தும் வழியைப் பலர் இப்போது முயன்று பார்க்கிறார்கள்.